வானத்துக்குத் தராசு பிடிச்ச ஜுனைதா டீச்சர்

ஜுனைதாவைப் பத்தி மாத்தளையில யாருகிட்ட விசாரிச்சாலும் வாய்க்காரின்னுதான் சொல்வாங்க. சொல்றவங்க வாயில மண்ணைப் போட. அவ கூட ஒரே ஸ்டாஃப் ரூம்ல, ஒரே மேசையில, சோத்துப் பார்சலைப் பிரிச்சு வச்சுச் சாப்பிட்டவ நான். தேவையில்லாம அவ வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தேவைப்பட்ட எடத்துல மூடிக்கிட்டு இருந்ததையும் பார்த்ததில்லை. அதுக்குப் பேரு வாய்க்காரின்னா, இந்த ஊருக்கு இன்னும் நாலு வாய்க்காரி வேணும்.

நான் ஜோசப்பின், தையல் டீச்சர். வாயு, அமுக்கம், பாரமானி இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவங்க யாரும் இல்லை. விளங்காத எடத்துல ஜுனைதா எனக்கு மிளகை வச்சு விளக்கினா. அவ வீட்டுக்காரர் மஹ்ரூப் நானாவுக்கு டவுன்ல மிளகு, கொக்கோ, ஏலம் வாங்கி விக்கிற கடை. மனுசன் அதிகம் கதைக்க மாட்டார். கல்யாணம் முடிஞ்ச பொம்பளை முக்காட்டைப் போட்டுக்கிட்டு சயன்ஸ் படிப்பிக்கப் போறாளேன்னு சொந்தக்காரங்க வந்து ஏசினப்போ, "உங்க வீட்டுப் பிள்ளைங்களையும் அனுப்புங்க"ன்னு சொல்லி தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தவர்.

அறுபதுகளோட நடுவுல, சயன்ஸையும் தாய்மொழியில படிக்கலாம்னு அரசாங்கம் சொல்லிருச்சு. எங்க பள்ளிக்கூடத்துலயும் மேல் வகுப்புப் பிள்ளைங்களுக்குத் தமிழ்ல ஒரு சயன்ஸ் வகுப்பு தொடங்கினாங்க. டவுன் கடைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களும் வந்தாங்க, தேயிலைத் தோட்டத்துல இருந்து பஸ் ஏறியும் வந்தாங்க. எங்க பக்கத்துல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இருந்த வகுப்பு அது ஒண்ணுதான். அதை விட்டா கண்டி, இல்லாட்டி யாழ்ப்பாணம். வயசுக்கு வந்த பிள்ளையை யாரு அவ்வளவு தூரம் அனுப்புவாங்க? அந்த வகுப்பு போச்சுன்னா, டவுன் பிள்ளைங்களுக்குக் கல்யாணம், தோட்டத்துப் பிள்ளைங்களுக்குக் கொழுந்துக் கூடை. எங்க எல்லாருக்கும் இது தெரியும். பிள்ளைங்களுக்கு எங்களை விட நல்லாத் தெரியும்.

ஆனா ஆய்வுகூடம் இல்லாம சயன்ஸ் வகுப்பு நடத்தக் கூடாதுன்னு சட்டம். கட்டித் தர்றோம்னு சொல்லித்தான் வகுப்பைத் தொடங்க விட்டாங்க. கட்டவே இல்லை. ஒரு தராசு இல்லை, ஒரு அடுப்பு இல்லை, கண்ணாடிக் குடுவைன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் கீறல் விட்டது. இந்த லட்சணத்துல கல்விக் கந்தோர்ல இருந்து வித்தியாதரிசி வந்து பார்த்து வகுப்பு இருக்கணுமா, மூடணுமான்னு எழுதப் போறார்னு சேதி வந்துச்சு.

எங்க பிரின்சிபல் ஸக்கரியா சேர் நல்ல மனுசன்தான், பயந்த மனுசன். அவர் ஒரு யோசனை கண்டுபிடிச்சார். பக்கத்து ஆம்பிளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து சாமானை இரவல் வாங்கி ஒரு அலுமாரியில அடுக்குறது, போத்தல் போத்தலாக் கலர் தண்ணி ஊத்தி வைக்கிறது. கலருக்கு என்கிட்ட வந்து துணிச் சாயம் இருக்கான்னு கேட்டார். இருந்துச்சு. கொடுக்கவும் எனக்கு மனசு இருந்துச்சு, சும்மா ஏன் பொய் சொல்லணும். வகுப்பு தப்பினா சரின்னுதான் நான் நினைச்சேன்.

ஜுனைதா சாயப் பொட்டலத்தை என் கையில இருந்து வாங்கி மறுபடி என் பெட்டிக்குள்ள வச்சா. இரவல் நகை போட்டுக்கிட்டுப் பொண்ணு பார்க்க உக்கார்ற வேலை எங்களுக்கு வேணாம்னா. தராசே இல்லாம ஒரு வாயுவை எடை போட்டுக் காட்டுறோம்னா. எந்த வாயுன்னு கேட்டேன். நாம மூச்சு விட்டா வெளியில வர்ற காபனீரொட்சைட்டுன்னா. எவ்வளவு வாயுன்னு கேட்டேன். "உலகம் முழுக்க இருக்கிறது"ன்னா. இவளுக்கு மூளை கலங்கிருச்சுன்னுதான் நினைச்சேன்.

அப்புறம் கடையில உக்கார வச்சு விளக்கினா. காத்துக்கும் கனம் இருக்கு ஜோசி, அது நம்ம தலையிலயும் தோள்லயும் ஏறி உக்கார்ந்துதான் இருக்கு, அந்தக் கனத்தைத்தான் பாரமானி காட்டுதுன்னா. பாரமானியில இரசம் எவ்வளவு உயரத்துக்கு நிக்குதோ, அவ்வளவு இரசத்தோட கனம்தான் மேல வானம் வரைக்கும் நிக்கிற காத்தோட கனம். நகம் அளவு எடத்துல எவ்வளவு கனம்னு தெரிஞ்சா, பூமி முழுக்க எத்தனை நகம் அளவு எடம்னு பெருக்கிக்கலாம். முழு வானத்தோட எடையும் கைக்கு வந்துரும்.

அதுல அந்த ஒரு வாயு எவ்வளவு? பத்தாயிரத்துக்கு மூணுன்னு புத்தகம் சொல்லுது. அவ்வளவுதானே, பத்தாயிரம் தொன்னுக்கு மூணு தொன்னுன்னேன். அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்கன்னு சொல்லி, சாக்குல இருந்து ஒரு பிடி சப்பை மிளகை அள்ளி மேசையில கொட்டினா. உள்ள ஒண்ணும் இல்லாத, கனமில்லாத மிளகு. அதுக்கு நடுவுல நல்லா நெறஞ்ச மிளகு மூணைப் போட்டா. பத்தாயிரத்துக்கு மூணுங்கிறது எண்ணிக்கைக் கணக்கு, நிறுவைக் கணக்கு இல்லைன்னா. காத்து சப்பை மிளகு மாதிரி. இந்த வாயு அதை விட ஒண்ணரை மடங்கு கனம். எண்ணிக்கையை ஒண்ணரையால பெருக்கினாத்தான் நிறுவை வரும். மஹ்ரூப் நானா கல்லாவுல இருந்தபடியே, மிளகு யாவாரத்துல இதைத் தெரியாதவன் ஒரு மாசத்துல கடையைப் பூட்டிருவான்னார். எனக்கு விளங்கிருச்சு. விளங்கினதும் எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

இரசம் எவ்வளவு உயரம் நிக்கும்னு புத்தகத்துலயே போட்டிருந்தான், எழுபத்தாறு சென்ரிமீற்றர். அதை எடுத்துப் பெருக்கிட்டுப் போயிருக்கலாம். ஜுனைதாவுக்கு அது பிடிக்கலை. புத்தகம் எழுதினவன் இங்கிலாந்துல இருந்து எழுதினான், நம்ம காத்தை நாமளே அளப்போம்னா. பாரமானிக்கு எங்க போறது? சந்திரகாந்தா கையைத் தூக்கினா. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வகுப்புலயே கெட்டிக்காரி. அவ அப்பா பங்களாவுல தோட்ட வேலை. துரை பங்களாச் சுவர்ல ஒரு பாரமானி தொங்குதாம்.

ஒரு சனிக்கிழமை நாங்க எல்லாரும் ரத்தோட்டை பஸ்ல ஏறிப் போனோம். அதுக்கு மேல நடை. துரை லீவுல போயிருந்தார். சமையல் அப்பு பின்பக்கக் கதவைத் திறந்து விட்டு, சீக்கிரம் பாருங்கம்மா, நான் உங்களைக் காணலைன்னு சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டார். பிள்ளைங்க மாறி மாறிப் பார்த்து, அங்குலத்தைச் சென்ரிமீற்றர் ஆக்கினாங்க. அறுபத்தேழு. எல்லாரும் பார்த்தும் அறுபத்தேழுதான். புத்தகமே பிழைன்னு ஒருத்தி சொல்ல, பிள்ளைங்களுக்குக் கால் தரையில நிக்கலை. எனக்கும்தான். இங்கிலீஷ்காரன் புத்தகத்தை இங்கிலீஷ்காரன் பாரமானியே பொய்யாக்கிருச்சேன்னு இறக்கம் முழுக்கச் சிரிச்சுக்கிட்டே வந்தோம்.

மேல ஏற ஏறக் காத்து குறையும்னு ஜுனைதாவுக்குத் தெரியாதான்னு நீங்க கேட்பீங்க. தெரியும். பாடமே எடுத்திருக்கா. ஆனா எங்களுக்கு மலைதான் தரை. மலையில பிறந்தவ ஒருத்தியும், நான் ஏணியில நிக்கிறேன்னு நினைச்சு எந்திரிக்கிறதில்லை. அவ ரோசமும் அவ கண்ணை மறைச்சிருச்சு. அந்த அறுபத்தேழை வச்சு உலகம் முழுக்கப் பெருக்கிட்டா.

வித்தியாதரிசி வந்தார். கோட்டும் டையும், கையில குடையும். இங்கிலீஷ்ல படிச்சு வந்தவர். காபனீரொட்சைட்டுன்னு பிள்ளைங்க சொன்னப்போ உதட்டோரம் ஒரு சிரிப்பு. இருக்கட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நானும் கடைசி வாங்குல உக்கார்ந்திருந்தேன். சந்திரகாந்தா கரும்பலகையில ஒவ்வொரு வரியா எழுதி, கடைசியில இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கோடி தொன்னுன்னு முடிச்சா. ஒண்ணரை மடங்கு வர்ற எடத்துல அவர் சிரிப்பு நின்னுருச்சு. குனிஞ்சு பார்த்தார். அப்புறம் குடை நுனியால முதல் வரியைத் தொட்டு, இந்த அறுபத்தேழு எங்க எடுத்ததுன்னு கேட்டார். ரிவர்ஸ்டன்லன்னு பிள்ளை பெருமையாச் சொன்னா.

"பூமியில முக்கால்வாசி கடல் பிள்ளை. கடல் மேலயும் ரிவர்ஸ்டன் இருக்கா?"

ஸக்கரியா சேர் முகத்தைத் துடைச்சார். எனக்கு அந்தச் சாயப் பொட்டலம் ஞாபகம் வந்துச்சு. ஜுனைதாவுக்கு ஒரு நிமிசம் முகம் சிவந்துச்சு, அவ்வளவுதான். பிழைதான் சேர், பிள்ளைங்களோடது இல்லை, என்னோடதுன்னா. அவர் புறப்படுற மாதிரி குடையை எடுத்தார். அவ கதிரையை இழுத்து அவர் முன்னால போட்டா. பிழையைப் பார்த்தீங்க, திருத்துறதையும் பார்த்துட்டு எழுதுங்க, உக்காருங்கன்னா. அவர் உக்கார்ந்தார். உக்காராம என்ன செய்வார், அவ குரல் அப்படி.

அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சு, கடல் மட்டத்துக்கான எழுபத்தாறை எழுதினா. பிள்ளைங்க திரும்பப் போட்டாங்க. இரண்டு லட்சத்து நாப்பதாயிரம் கோடி தொன். மலைப் பாரமானியை நம்பி முப்பதாயிரம் கோடி தொன்னைத் தொலைச்சிருக்கோம்னு ஜுனைதா சொல்ல, பயந்து போயிருந்த பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. சந்திரகாந்தா மட்டும் சிரிக்கலை. வெண்கட்டியைக் கையில வச்சுக்கிட்டே நின்னவ, எழுபத்தாறும் முழுசாச் சரியில்லையே சேர்னா. உலகத்துல இருக்கிற மலையெல்லாம் காத்தோட எடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதே, அதையும் கழிக்கணுமேன்னா. வித்தியாதரிசி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கழிக்கணும்தான், கொஞ்சமாக் கழிக்கணும்னார். அப்புறம் தமிழ்ல வாய் விட்டுச் சிரிச்சு, நல்ல பிள்ளைங்க, நல்ல பிள்ளைங்கன்னு சொல்லிக்கிட்டே தேத்தண்ணி குடிக்க வந்தார்.

தப்பிச்சிட்டோம்னு நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். இங்கதான் வந்தது வினை.

தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அவர் தாளை எடுத்தார். வகுப்பு நல்லா நடக்குது, நான் மூட விரும்பலை, ஆனா சட்டம் இருக்குன்னார். ஆய்வுகூடம்ங்கிற எடத்துல இருக்குன்னு எழுதிடுறேன், பிரின்சிபலும் டீச்சரும் கீழ கையெழுத்துப் போடுங்க, யாரும் வந்து பார்க்கப் போறதில்லைன்னார். நல்ல மனசோடதான் சொன்னார், அதை மறைக்க மாட்டேன். ஸக்கரியா சேர் அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கையெழுத்தைப் போட்டுட்டார். தாள் ஜுனைதா முன்னால வந்துச்சு. அவ பேனாவை எடுக்கலை.

"இருக்குன்னு எழுதின எடத்துல யாரு சேர் வந்து கட்டுவாங்க?"

மேசைக்கு அடியில நான் அவ சேலையைப் பிடிச்சு இழுத்தேன். கிழியிற மாதிரி இழுத்தேன். அவ அசையலை. இன்னிக்கு இருக்குன்னு எழுதினா இந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் இல்லை, பின்னால வர்ற எல்லாருக்கும் அது இருக்குன்னே ஆயிரும், கேட்கிற வாயை நாங்களே தைச்சுக்கிட்ட மாதிரி ஆயிரும்னா. இல்லைன்னு எழுதுங்க, பிள்ளைங்க செஞ்சதையும் எழுதுங்க, ரெண்டும் உண்மைதானேன்னா. அவருக்குக் கோபம் வந்துருச்சு. இல்லைன்னு எழுதினா வகுப்பு போயிரும், விளங்குதான்னு கேட்டார். விளங்குதுன்னா. அவர் இல்லைன்னு எழுதினார்.

அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்தப்போ வகுப்பை மூடிட்டாங்க.

அன்னிக்கு அவ கூட நான் கதைக்கலை. சோத்துப் பார்சலையும் வேற மேசையில வச்சுச் சாப்பிட ஆரம்பிச்சேன். பிள்ளைங்க வயித்துல அடிச்சிட்டு என்ன உண்மை வேண்டிக்கிடக்குதுன்னு எனக்கு ஆத்திரம். டவுன் பிள்ளைங்களுக்கு மஹ்ரூப் நானா கடைக்குப் பின்னால மிளகுக் கிடங்கைக் கூட்டித் துடைச்சுக் கொடுத்தார். அங்க பின்னேரத்துல ஜுனைதா பாடம் நடத்தினா. சிலர் வந்தாங்க, சிலருக்கு மாப்பிள்ளை வந்தாங்க. தோட்டத்துப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கிற பேர் இல்லாமப் போனதும் பஸ் காசுக்கும் வழியில்லை, வீட்டுல விடவும் இல்லை. சந்திரகாந்தாவைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கப் பேர் பதிஞ்சுட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் அவளைப் பார்க்கப் போனோம். மலையில கொழுந்துக் கூடையோட இறங்கி வந்தா. குடிக்கத் தண்ணி கொண்டு வந்து கொடுத்தா. கோபமா ஒண்ணும் இல்லை, சாதாரணமாத்தான் சொன்னா.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கலாம் டீச்சர்."

வர்ற வழியில பஸ்ல ஜுனைதா முக்காட்டை முகத்து மேல இழுத்துக்கிட்டு அழுதா. அவ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பிள்ளை சொன்னது சரி, நான் செஞ்சதும் சரி, ரெண்டும் சரியா இருந்தா நான் எங்க போய் முட்டிக்கிறதுன்னு கேட்டா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். அன்னியில இருந்து மறுபடி ஒரே மேசையிலதான் சாப்பிட்டோம்.

அதுக்கப்புறம் அவ பிடிச்ச பிடி இருக்கே, உடும்பு தோத்துரும். ஒவ்வொரு மாசமும் சம்பளம் எடுத்த கையோட கல்விக் கந்தோருக்குப் போவா. உங்க ஆளே வந்து பார்த்து இல்லைன்னு எழுதியிருக்கார், இல்லாததுக்கு வகுப்பை மூடினீங்க, இல்லாததை எப்பக் கட்டப் போறீங்க? இதே கேள்வி, வேற கேள்வி இல்லை. கிளாக்கர் ஒளிவாராம். பெரியவர் மீட்டிங்ல இருப்பாராம். அவ வாங்குல உக்கார்ந்து பிள்ளைங்க பயிற்சிக் கொப்பியைத் திருத்திக்கிட்டே காத்திருப்பா. தூரத்துல கிடக்கிற வில்கமுவவுக்கு மாத்திருவோம்னு ஒருத்தர் மிரட்டினார். மாத்துங்க, அங்கயும் பிள்ளைங்க இருக்கு, அங்கயும் ஆய்வுகூடம் இருக்காது, அதுக்கும் இங்கதான் வருவேன்னு சொல்லிட்டு வந்தா. கடைசியில தொல்லை பொறுக்க முடியாமத்தான் கட்டினாங்க. இருக்குன்னு அன்னிக்கு எழுதியிருந்தா, எந்த முகத்தோட போய்க் கேட்டிருப்பா? அதை நான் ஒத்துக்க ரெண்டு வருசம் ஆச்சு.

திறப்பு விழா அன்னிக்குக் கொழும்புல இருந்து பெரியவங்க வர்றாங்கன்னு வாசல்ல ரிப்பன் கட்டி, குத்துவிளக்கு வச்சு, ஸக்கரியா சேர் காலையிலயே வேர்த்துக்கிட்டு நின்னார். மேடையில கதைக்கிறவங்க பேரெல்லாம் அச்சடிச்சிருந்தாங்க. ஜுனைதா பேர் இல்லை. அதை அவகிட்டக் காட்டினேன். எனக்கு வேற வேலை இருக்கு ஜோசின்னா. என்ன வேலைன்னு பின்பக்கக் கதவுகிட்டப் போய்ப் பார்த்தா, மூடின வகுப்பு உள்ள உக்கார்ந்திருக்கு. ஒருத்தி இடுப்புல பிள்ளை. ஒருத்தி கழுத்துல புதுக் கருகமணி. முன் வாங்குல சந்திரகாந்தா, கொழுந்துக் கறை பிடிச்ச விரலோட. முதல் நாள் ஜுனைதாவே வீடு வீடா, தோட்டத்துக்கும் போய், தாயைத் தகப்பனைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கா.

புதுத் தராசு, புதுக் குடுவை. வெளியில மேளச் சத்தம். உள்ள பாடம். குடுவையில வெறும் காத்தோட ஒரு தடவை எடை போட்டாங்க. அப்புறம் சுண்ணாம்புக் கல்லுல அமிலம் ஊத்திப் பிடிச்ச வாயுவை அதே குடுவையில நிரப்பி இன்னொரு தடவை. சின்னச் சின்னப் படிக்கல்லைச் சந்திரகாந்தாதான் இடுக்கியால எடுத்து வச்சா. காத்தை விட வாயு கனம்னு தட்டு இறங்கிக் காட்டினப்போ எல்லாரும் குனிஞ்சு பார்த்தாங்க. இந்த நேரத்துல ஸக்கரியா சேர் வந்து என் காதுல, ஆட்கள் வந்துட்டாங்க, கதவைத் திறங்கன்னு கெஞ்சினார். நான் கதவை அடைச்சுக்கிட்டு நின்னேன். வகுப்பு நடக்குது சேர், முடியட்டும்னேன். எனக்கு எங்க இருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ.

பாடம் முடிஞ்சுதான் ரிப்பனை வெட்டினாங்க. பெரியவங்க உள்ள வந்து, தராசைச் சுத்தி நின்ன பிள்ளைங்களைப் பார்த்துக் கொஞ்சம் முழிச்சாங்க. கூட வந்தவர் அதே வித்தியாதரிசி, அதே குடை. சீருடை இல்லாம நிக்கிறதைப் பார்த்துட்டு, இது எந்த வகுப்புன்னு சிரிச்ச முகமாக் கேட்டார். சந்திரகாந்தா இடுக்கியை மேசையில வச்சிட்டுத்தான் பதில் சொன்னா.

"நீங்க மூடின வகுப்பு சேர்."